ஈரக் கழிவு

ஸுக்திதியில் ஆகஸ்ட் என்றால் மழை.
மழை என்றால் மூட்டை மூட்டையாய்
நனைந்த ஹேசல் கொட்டை.
கொள்முதல் கிடங்கின் மூலையில் என் மேஜை.
ஈரமானி பன்னிரண்டைத் தாண்டினால்
தாண்டிய ஒவ்வொரு புள்ளிக்கும் நூற்றுக்கு ஒன்று கழிப்பேன்.
தண்ணீருக்கு யார் காசு தருவார்கள்?
அதுவரை நியாயம்தான்.

ஜூலைக் கடைசியில் தெமூர்
என் நாற்காலிக்குப் பின்னால் வந்து நின்றார்.
"ஃபார்முலாவில் இன்னொரு இரண்டு சேர்த்துவிடு.
சேர்த்தது தெரியக் கூடாது."

தெரியாமல் செய்வது சுலபம்.
பத்தி முழுவதையும் தேர்ந்தெடுத்து
'மறை' என்ற பெட்டியில் ஒரு டிக்.
பிறகு ஷீட்டுக்குப் பூட்டு.
பாஸ்வேர்ட், தெமூரின் வேட்டைநாயின் பெயர்.
அதற்குமேல் செல்லில் விடை மட்டும் இருக்கும்.
மேலே நீளப் பட்டை வெள்ளையாக இருக்கும்,
வழி எழுதாமல் விடை எழுதிய
பரீட்சைத் தாளைப் போல.
முழுப் பூசணிக்காயையே சோற்றில் மறைக்கிறார்கள்.
இரண்டு சதவீதத்தைச் சோளக்களியில் மறைக்க
எனக்கென்ன கஷ்டம்.

ஆனால் கோப்பு வீங்கிக்கொண்டே போனது.
நானூறு பேர், ஆறாயிரம் வரிசை,
அதற்கு அறுபத்தொரு எம்.பி.யா?
ஒவ்வொரு முறை சேமிக்கும்போதும்
வெளியே நிற்பவர்கள் ஒரு சிகரெட்டை முடித்தார்கள்.

ஒரு மதியம் கன்ட்ரோலையும் எண்டையும் சேர்த்து அழுத்தினேன்.
கர்சர் ஒரே தாவலில்
பத்து லட்சத்துச் சொச்சமாவது வரிசைக்கு,
ஷீட்டின் கடைசி விளிம்புக்குப் போய் நின்றது.
அங்கே ஒரு ஆளும் இல்லை, ஒரு கிலோவும் இல்லை.
எனக்கு முன் இருந்தவர் தட்டிவிட்ட ஒரு ஸ்பேஸ்.
அதுவரைக்கும் மஞ்சள் பூசிக்
கட்டம் போட்டு வைத்த வெறுமை.
கொட்டைக்குள் இருக்கும் நீரை எடையில் சேர்க்காதவர்கள்
ஒன்றுமில்லாததை
இத்தனை நாள் சுமந்திருக்கிறோம்.

நீக்கினேன். சேமித்தேன். இரண்டு எம்.பி.
நிமிர்ந்தபோது எதிரே முர்ட்டாஸ்.

அவன் சத்தம் போடவில்லை.
ஈரத் தொப்பியைக் கழற்றி
மூன்று ரசீதுகளை மேஜையில் பரப்பினான்.
ஒன்று அவனுடையது, ஒன்று அக்கா சியாலாவுடையது,
ஒன்று வேலிக்கு அந்தப் பக்கத்துக்காரருடையது.
பிறகு சிகரெட் அட்டையைப் பிரித்து உள்பக்கத்தைக் காட்டினான்.
பென்சில் கணக்கு.
நானூற்றுப் பன்னிரண்டு கிலோ, ஈரம் பதினான்கு,
கழிய வேண்டியது எட்டே கால்.
கழிந்திருப்பது பதினாறரை.
அடுத்ததிலும் அப்படியே. அதற்கடுத்ததிலும்.
"மூன்று கொட்டையை உடைத்தால் போதும்," என்றான்,
"மூட்டை எப்படி என்று தெரிந்துவிடும்."

திரையை அவன் பக்கம் திருப்பினேன்.
ஏன் திருப்பினேன் என்று தெரியவில்லை.
வெள்ளைப் பட்டையைக் கொஞ்ச நேரம் பார்த்தான்.
நகத்தில் கொட்டைத்தோலின் கறை படிந்த விரலை
கண்ணாடியில் வைத்து,
"இங்கே இருக்கிறது," என்றான்.
போய்விட்டான். அட்டையை எடுத்துக்கொள்ளவில்லை.

ஏழு மணிக்கு ஜெனரேட்டரை நிறுத்தப் போகிறார்கள்.
நாயின் பெயரைத் தட்டினேன்.
பூட்டு திறந்தது. டிக்கை எடுத்தேன்.
பட்டையில் முழு வாக்கியமும் வந்து நின்றது,
நடுவில் அந்த இரண்டு,
நான் தட்டியது, என் கையெழுத்து மாதிரி.

அதை அழிக்கவில்லை.
அழித்தால் அதுவும் ஒரு மறைப்புதான்.
காலை எட்டு மணிக்கு வரிசை தொடங்கும்.
திரை வாசலைப் பார்த்தபடி இருக்கிறது.
தெமூர் சில நாள் ஏழே முக்காலுக்கே வந்துவிடுவார்.